இருதயராஜின் இஷ்ட பாடம்

ஆம்பூர் ஆபித் பாஷா தோல் மண்டியில் கடிதக் குமாஸ்தாவாக இருந்த இருதயராஜுக்கு, 1934-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஒன்பதாம் தேதி காலைத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே ‘சர்க்கார் காரியம்’ என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவன் பயந்துவிட்டான். ஏழு வருஷமாக மண்டிக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவன்தான் பிரிக்கிறான். எதற்கும் பயந்ததில்லை. அவையெல்லாம் முதலாளிக்கு வந்தவை. இது அவனுக்கு வந்தது.

அனுப்பியது மாகாணக் குமாஸ்தாத் தேர்வுச் சபை. வருஷத்துக்கு இருபது பேரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, சர்க்கார் கச்சேரிகளில் குமாஸ்தாவாக உட்கார வைப்பது அதன் வேலை. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இருதயராஜுக்கு ஜூலை முப்பத்தொன்றாம் தேதியோடு இருபத்தைந்து முடிகிறது. ஆகவே இது முதல் தடவையும் கடைசித் தடவையும்.

அவனுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவன் தாயார் சவுரியம்மாள் அதே முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் மயிரை அலசுகிற வேலையில் பதினாறு வருஷமாக இருந்தாள். விரல் நுனிகளில் தோல் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வருஷம் தொட்டியில் வைத்தால் இந்த விரல் மடங்காது” என்று சொல்லியிருந்தாள். சவுரியம்மாளின் கூலி மாதம் ஏழு ரூபாய், மகனுடைய சம்பளம் பதினெட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வீடு ஓடும். சர்க்கார் குமாஸ்தாவுக்கு முப்பத்தைந்து. இருதயராஜ் விண்ணப்பம் போட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் பதினேழாவது கட்டம், ‘இஷ்ட பாடம்’. கட்டாயப் பாடங்கள் மூன்று போக, விண்ணப்பதாரர் தம் இஷ்டப்படி ஒரு பாடம் எழுத வேண்டும். அவன் ‘வியாபாரக் கடிதம்’ என்று எழுதியிருந்தான். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருந்தது.

“தாங்கள் ஏழு வருஷங்களாகக் கடிதம் எழுதும் வேலையில் இருப்பதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். முன்பே தெரிந்த பாடத்தில் ஒருவரைப் பரீட்சிப்பது, தெரியாதவர்களுக்கு அநியாயம் செய்வதாகும். எனவே தாங்கள் அறியாத பாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியது. அது தங்களுக்குத் தெரியாது என்பதற்கு ஒரு கெஜட்டட் அதிகாரியின் அறியாமைச் சான்றிதழ் இணைக்க வேண்டியது. ஆம்பூர்வாசிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடங்களின் பட்டியல் இத்துடன் வருகிறது. அதிலிருந்து தங்கள் இஷ்டம்போல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தவறினால் எக்காலத்துக்கும் தகுதியிழப்பீர்கள்.”

பட்டியலில் ஒரு பாடம் இருந்தது. கப்பல் செலுத்தும் சாஸ்திரம்.

தராசுக்கார அந்தோணி கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முத்திரையை வெகுநேரம் பார்த்தான்.

“இன்னாப்பா போட்டுக்கிறான்?”

“கப்பல் ஓட்டணுமாம்.”

“எங்க?”

“அது போடல.”

“பாலாத்துலயா ஓட்டப் போற? போன ஐப்பசில ஒரு நாளு தண்ணி வந்துச்சி. அப்பவே சொல்லியிருந்தா ஓட்டியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அந்தோணி தராசுக்குப் போய்விட்டான்.

அறியாமைச் சான்றிதழுக்காக இருதயராஜ் அடுத்த திங்கட்கிழமை ஒரு கெஜட்டட் அதிகாரியிடம் போனான். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் நேர்மையானவர், பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

“நங்கூரம் என்றால் என்ன?”

“தெரியாதுங்க.”

“சுக்கான்?”

“தெரியாதுங்க.”

“பாய்மரம்?”

“தெரியாதுங்க.”

“கப்பல்?”

வரிசையாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவன், பயத்தில் ஒரு கணம் தவறிப்போய், “தண்ணியில போறதுங்க” என்று சொல்லிவிட்டான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இருதயராஜுக்குத் தாயாரின் விரல்கள் கண்முன் வந்தன.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லீங்க. பேச்சுவாக்குல காதுல வுழுந்துட்டுதுங்க. மறந்துடறங்க.”

அதிகாரி இரக்கம் உள்ளவர். யோசித்து இப்படி எழுதினார்: ‘இவருக்கு இந்தப் பாடத்தில் சிறிதளவு அறிவு உண்டு. ஆனால் அது திருத்தத்தக்கது.’

சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருந்தது. ரயிலில் திரும்பும்போதுதான் அதைப் படித்தான். ‘இதில் கண்டது பொய்யென்று ஏற்பட்டால் ஆறு மாதக் கடுங்காவல்.’

அதிலிருந்துதான் அவனுக்கு உண்மையான பயம் பிடித்தது. பரீட்சைக்குப் படித்தாக வேண்டும். படித்தால் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் தெரியாது என்ற சான்றிதழ் பொய்யாகிவிடும். படிக்காவிட்டால் சுண்ணாம்புத் தொட்டி, படித்தால் ஜெயில். எதையும் எழுதிக் கேட்டுவிடுவது அவன் வழக்கம் ஆகையால் சபைக்கு ஒரு கடிதம் எழுதினான். “தங்கள் கீழ்ப்படிந்த விண்ணப்பதாரன் எந்தத் தேதியிலிருந்து மேற்படி பாடத்தை அறிந்துகொள்ள ஆரம்பிக்கலாம் என்று தயவுசெய்து தெரிவிக்க வேண்டும்.”

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. “அறியாமை விண்ணப்பத் தேதியில் இருந்தால் போதுமா, பரீட்சை முடியும் வரை நீடிக்க வேண்டுமா என்பது சபையின் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை தங்கள் பொறுப்பில் நடந்துகொள்ளவும்.”

தன் பொறுப்பில் அவன் படித்தான். சபை குறித்திருந்த புத்தகத்தை மதராஸிலிருந்து வரவழைத்ததில் இரண்டாம் பாகம்தான் கிடைத்தது. ‘மேற்சொன்னபடி கப்பல் புறப்பட்டபின்’ என்று அது ஆரம்பித்தது. அந்தப் புத்தகத்தை மண்டியில் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தான். யாராவது வந்தால் அதன்மேல் ஒரு ஆட்டுத்தோலைப் போட்டு மூடுவான். இரண்டு மாதத்தில் சமுத்திரம் முழுவதும் தோல் நாற்றம் அடித்தது. ராத்திரி வீட்டுக்குப் போனால், தாயார் கைகளைத் தேங்காயெண்ணெயில் ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு மெல்லிய குரலில் வாசிப்பான்.

“புயல் வந்தா மொதல்ல பாய எறக்கணும்” என்றாள் சவுரியம்மாள் ஒரு நாள், அவன் வாசிப்பதற்கு முன்பே.

“அம்மா, மெதுவாப் பேசு. உனக்கும் தெரிஞ்சிபோச்சின்னா உன்னையும் புடிப்பாங்க.”

“எனுக்கு இன்னாத்துக்குடா ஜெயிலு? நான் எந்தக் காயிதத்துல தெரியாதுன்னு எழுதிக் குடுத்தேன்?”

“சாட்சிக்குக் கூப்புடுவாங்கம்மா.”

அவள் கைகளை எண்ணெய்க் கிண்ணத்தில் மறுபடி அமிழ்த்தினாள். பிறகு, “கூப்புட்டா நங்கூரம்னா இன்னான்னே தெரியாதும்பேன். நீ படி” என்றாள்.

இவ்வளவு பயந்தவனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பயம் கிடையாது. அது பேரம். கடிதம் எழுதாத நேரத்தில் மண்டிக்குப் பதனிடாத பச்சைத் தோல் வாங்கும் பேரமும் அவனுடையதே.

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவனும் வாங்குபவனும் கை கொடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து, ஐந்துக்கு மேல் என்றால் முழுக் கையை அழுத்திவிட்டு மீதி விரலைப் பிடிக்க வேண்டும். முதலில் பிடிப்பது பத்துகள், பிறகு பிடிப்பது ஒற்றைகள். சுற்றி நிற்கும் இருபது பேருக்கும் ஒன்றும் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை, பெற்ற அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது. அதிலும் வாங்குகிற பக்கத்துக் குமாஸ்தா, விலை படிந்த பிறகு கடைசியாக இன்னும் ஒன்று குறைக்க வேண்டும். அதற்கு ‘முதலாளி ஒன்று’ என்று பெயர். அதைக் குறைக்காமல் துண்டை எடுக்கிற குமாஸ்தாவை மண்டியில் யாரும் மதிப்பதில்லை. இருதயராஜ் ஏழு வருஷத்தில் ஒரு நாளும் முதலாளி ஒன்றை விட்டது கிடையாது. துண்டு விழுந்ததும் உடம்பு நடுங்கினாலும் கை நடுங்காது.

ஏப்ரல் மாதம் செய்முறைப் பரீட்சை வந்தது. இடம், வேலூருக்கு அருகே பாலாறு. ‘தண்ணீர் இல்லாத இடங்களில் தண்ணீர் இருப்பதாகக் கொள்ளவும்’ என்று உத்தரவிலேயே போட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு கட்டை வண்டியில் பழைய படகு ஒன்று வந்து மணலில் இறங்கியது. ஏழு பரீட்சார்த்திகள் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். சபையின் இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு ஒரு சிறு பிரசங்கம் செய்தார்.

“பரீட்சார்த்திகளே, நான் இந்தப் பாடத்துக்கு இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரே ஒரு முறை தூரத்தில் பார்த்தேன், இரண்டு நாள் ஜுரம். கப்பலில் போய்வந்தவன் கப்பலைப் பற்றி ஏதாவது அபிப்பிராயம் வைத்திருப்பான். அபிப்பிராயம் உள்ளவன் நடுநிலையாக இருக்க முடியாது. என்னிடம் அந்தக் குறை கிடையாது. இப்போது நீங்கள் நடுக்கடலில் இருக்கிறீர்கள்.”

ஏழு பேரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. சோளிங்கரிலிருந்து வந்த அருணகிரி என்பவனுக்குத் தாகம் தாங்கவில்லை. அவன் படகிலிருந்து இறங்கி, மணலில் பத்தடி நடந்து, கரையில் வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்தான். இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து எழுதினார்.

“என்னங்க எழுதறீங்க?” என்று அருணகிரி கேட்டான்.

“பத்து மணி நாலு நிமிஷத்துக்கு நீர் மூழ்கி இறந்துவிட்டீர்.”

“தண்ணி குடிக்கத்தாங்க வந்தேன்.”

“மூழ்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.”

அருணகிரி சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இறந்தவருக்கு ரயில் படி கிடையாது என்றும், மேற்கொண்டு பரீட்சை எழுத விரும்பினால் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றும், அந்தச் சான்றிதழுக்கு இறந்த தேதிக்கு முந்திய தேதிதான் செல்லும் என்றும் விளக்கினார். அருணகிரிக்கு மெல்லச் சிரிப்பு நின்றது. அவன் சோளிங்கர் போகிற பாதையில் மணலில் கால் புதையப் புதைய நடந்து போனதை ஆறு பேரும் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கை காலை அசைக்கவில்லை.

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டான். புத்தகத்தில் கண்டபடி பாயை இறக்கினான், சுக்கானைத் திருப்பினான், கர்த்தரை வேண்டினான். நெடுநேரம் கழித்து யாரோ தோளைத் தட்டியதும் கத்திவிட்டான். வண்டிக்காரன் நின்றுகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் இல்லை, மற்ற ஐந்து பேரும் இல்லை.

“எறங்குய்யா. படக ஏத்தணும்.”

“கடலு முடிஞ்சிட்டுதா?” என்று இருதயராஜ் கேட்டான்.

வண்டிக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “முடிஞ்சி ஒரு மணி நேரம் ஆவுது. மாடு பசியில கெடக்குது. எறங்கு.”

முதலில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அவன் இறங்கினான்.

மே மாதம் எழுத்துப் பரீட்சை. அதில் அவனுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. முதல் கேள்வியே, ‘கப்பல் மூழ்கும்போது காப்டன் நிரப்ப வேண்டிய படிவங்கள் எவை? எத்தனை நகல்கள்? மூழ்கிய பின் அவற்றை எந்த உறையிலிட்டு அனுப்புவார்?’ என்பது. உறைகளைப் பற்றி அவன் நாலு பக்கம் எழுதினான்.

ஜூன் பதினெட்டாம் தேதி மதராஸில் நேர்முகப் பரீட்சை. இஷ்ட பாடத்துக்கு நூறு மார்க். நாற்பது வாங்கினால் தேறினவன், நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் மற்றதெல்லாம் வீண். சவுரியம்மாள் முதலாளி வீட்டில் சொல்லி ஒரு சலவைத் துண்டு வாங்கி, மடித்து அவன் தோளில் போட்டு அனுப்பினாள். விரல் ஒட்டாமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திப் போட்டாள்.

சபையின் கட்டடம் கடற்கரை ரஸ்தாவில் இருந்தது. ஜன்னல்கள் யாவும் கடல் பக்கம் சாத்தியிருந்தன. பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் ராவ்பகதூர். இடது பக்கம் இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன். வலது பக்கம் வியாபாரிகளின் பிரதிநிதியான மெம்பர் ரஷீத் அஹமது சாயபு. மதராஸ் பெரியமேட்டில் வடக்கத்திப் பச்சைத் தோலை வரவழைத்து ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு விற்கிறவர், வெள்ளைத் தாடி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் மார்க்குப் போடுகிறவர் அவர்தான். மற்ற இருவருக்கும் கையெழுத்து வேலை அதிகம்.

ராவ்பகதூர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, இந்தச் சபை ஏற்பட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது. முதலில் நாங்கள் குமாஸ்தா வேலைக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். கூட்டல் தெரியுமா, கடிதம் எழுதத் தெரியுமா என்று. அதில் ஒரு பெரிய அபாயம் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் பதில் சொல்லிவிட்டால் சபை எதற்கு? மூன்று பேருக்குச் சம்பளம், இந்தக் கட்டடம், தோட்டக்காரன், இதெல்லாம் எதற்கு? அப்போதுதான் நான் இஷ்ட பாடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு சபைக்கு ஒரு குறைவும் இல்லை. சரி, உனக்குக் கப்பல் செலுத்தத் தெரியுமா?”

இருதயராஜ் இந்தக் கேள்வியைத்தான் ஐந்து மாதமாக நினைத்து நினைத்துப் பயந்திருந்தான். தெரியும் என்றால் கடுங்காவல். தெரியாது என்றால் பூஜ்யம்.

“விண்ணப்பத் தேதியில தெரியாதுங்க.”

“இன்றைய தேதியில்?”

“அது சபையோட பரிசீலனையில இருக்குதுங்க. உத்தரவு வந்ததும் அதும்படி நடந்துக்கறங்க.”

ராவ்பகதூர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

“ஆதிகேசவன், கேட்டீரா? பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு பதில் நான் கேட்டதில்லை.”

“படகிலிருந்தும் கடைசிவரை இறங்கவில்லை” என்றார் ஆதிகேசவன்.

“உத்தியோகத்துக்கென்றே பிறந்தவன். போகலாம் தம்பி. மெம்பர் சாயபுக்குக் கை கொடுத்துவிட்டுப் போ. அது புது விதி. கை கொடுக்கும் தோரணையையும் பார்த்துத்தான் மார்க்.”

ரஷீத் அஹமது சாயபு எழுந்து கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் இருதயராஜுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஏழு வருஷத்தில் வெள்ளைத் தாடி வைத்த தோல் வியாபாரி ஒருவர் அவனிடம் ஒரே காரியத்துக்காகத்தான் கையை நீட்டியிருக்கிறார். அவன் வலது கை தானாகப் போய் அந்தக் கையைப் பற்றியது. இடது கை தானாகத் தோளிலிருந்த சலவைத் துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேலும் போட்டது.

சாயபுவின் கண் ஒரு தரம் விரிந்து பிறகு பாதி மூடிக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம் அவருக்கு. விற்கிற பக்கம். துண்டுக்கு அடியில் அவர் முழுக் கையை அழுத்திவிட்டு மூன்று விரல் பிடித்தார். எண்பது.

எண்பது என்றதும் இருதயராஜ் முகத்தைச் சுளித்தான். விலை எவ்வளவானாலும் முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து என்று பிடித்தான். சாயபு வேதனையோடு கூரையைப் பார்த்து எழுபதுக்கு இறங்கினார். அவன் முப்பதுக்கு ஏறினான். அறுபது என்றார். முப்பத்தைந்து என்றான். ராவ்பகதூரும் இன்ஸ்பெக்டரும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று காட்டிக்கொள்வது சபையில் வழக்கம் இல்லை. ஆகவே இருவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது, நாற்பத்தைந்து என்று வந்து, கடைசியில் சாயபு நாலு விரலைப் பிடித்து அசையாமல் நின்றுவிட்டார். நாற்பது. இதற்குக் கீழே அடக்க விலை என்று அவர் முகம் சொல்லிற்று. இருதயராஜும் அதை அறிந்தான். நல்ல விலை, படிந்த விலை. படிந்துவிட்டதால், வழக்கம்போல் முதலாளி ஒன்றைக் குறைத்தான். சாயபு பெருமூச்சு விட்டார். முப்பத்தொன்பது.

இருதயராஜ் துண்டை எடுத்தான்.

“பலே” என்றார் சாயபு. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. உட்கார்ந்து, மார்க்குப் புத்தகத்தை இழுத்து, ஒரு எண்ணை எழுதி மூடினார்.

வெளியே வந்தபோது இருதயராஜின் மனம் நிறைந்திருந்தது. எண்பதிலிருந்து முப்பத்தொன்பது. முதலாளியிடம் சொன்னால் நம்பமாட்டார். ரஸ்தாவைத் தாண்டி மணலில் நடந்தான். எதிரே ஏதோ பெரிதாக, நீலமாக அசைந்துகொண்டிருந்தது. ஐந்து மாதம் கதவைத் தாழ்போட்டுப் படித்த கடலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. புத்தகத்தின் முதல் பாகத்தில் இருந்திருக்கக்கூடிய கப்பல். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், தான் வாங்கப் போனது தோல் அல்ல என்பது அவனுக்கு உறைத்தது.

மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். வலது கையைத் திறந்து பார்த்தான். அந்தக் கைதான் நாற்பதில் நின்ற ஒரு மனிதரை முப்பத்தொன்பதுக்கு இழுத்தது.

மாலை நாலரை மணிக்கு ரஷீத் அஹமது சாயபு மோட்டாருக்கு வரும்வரை அவன் வாசலில் நின்றான்.

“சாயபு, நான் வாங்குற பக்கம்னு நெனைச்சிட்டேன்.”

அவர் மோட்டார் கதவில் வைத்த கையை எடுத்தார். “நானும் விக்கிற பக்கம்னு நெனைச்சிட்டேன் தம்பி. யாரு கிட்ட வேலை?”

“ஆம்பூர் ஆபித் பாஷா மொதலாளி கிட்டங்க. நாப்பது போட்டா போதும் சாயபு. ஒண்ணே ஒண்ணு. எங்கம்மா...”

“எண்பது சொன்னேனே. அந்த ராவ்பகதூர் அம்மாஞ் சந்தோஷத்துல இருந்தாரு. நீ தலைய ஆட்டியிருந்தா போதும்.” சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கும் பேஜாராகத்தான் இருந்தது. “துண்டு எடுத்தாச்சே தம்பி. நாப்பது வருஷத்துல எடுத்த துண்ட நான் திருப்பிப் போட்டதில்ல. நீ போட்டிருக்கியா?”

இருதயராஜ் யோசித்துப் பார்த்தான். “இல்லீங்க” என்றான்.

ஐந்து மாதமாக அந்தப் பரீட்சையில் நடந்த காரியங்களில் யோக்கியமாக நடந்தது அந்தப் பேரம் ஒன்றுதான். அதை எப்படிப் பொய்யாக்கச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாயபுக்குச் சலாம் வைத்துவிட்டு ரயிலுக்கு நடந்தான்.

வீட்டில் சவுரியம்மாள், “இன்னாடா ராஜு, கடலு எப்டி இருந்திச்சி?” என்று கேட்டாள்.

“பெருசா இருந்திச்சிம்மா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சோற்றுத் தட்டை உள்ளங்கையால் அவன் பக்கம் தள்ளினாள்.

ஜூலை பத்தாம் தேதி பழுப்பு உறை வந்தது. “தாங்கள் இஷ்ட பாடத்தில் முப்பத்தொன்பது மார்க்குகள் பெற்றுத் தவறியிருக்கிறீர்கள். வயது வரம்பை முன்னிட்டு இனி எக்காலத்துக்கும் தகுதியற்றவராகிறீர்கள். தாங்கள் தாக்கல் செய்த அறியாமைச் சான்றிதழ் முற்றிலும் உண்மை என்பது இதனால் ருசுவாகிறபடியால், தங்கள்மீது நடவடிக்கை எதுவும் இல்லை.” கடைசி வாக்கியத்தைப் படித்ததும் அவனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டான். மறுநாள் காலை தோல் ஷாப் மணி அடித்ததும் சவுரியம்மாள் கைகளில் கந்தல் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.

அடுத்த வாரம் மதராஸிலிருந்து வந்த தரகர் ஒருவர் மூலம் பெரியமேட்டுச் செய்தி ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது. ரஷீத் அஹமதுவே அதைக் கடைக்குக் கடை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மண்டி முழுக்க வேலை நின்றது. ஆபித் பாஷா முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“அரே, ரஷீத் அஹமது கிட்டயா? எண்பதுலேந்து முப்பத்தொம்போதா? எங்கப்பா காலத்துலேந்து அந்தாளு எங்களுக்கு ஒத்தை ரூபா கொறைச்சதில்ல. பெரியமேட்டுல நம்ம மண்டி பேரு பேசறாங்கடா.”

அந்தோணி எங்கிருந்தோ ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து கழுத்தில் போட்டான். “கப்பலு கவுந்தாலும் காப்டன் மாலையோட நிக்கிறாரு” என்றான். இருபது பேர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்து, “இன்னா வேணும் கேளுடா. இன்னிக்கி நான் குஷியா கீறேன்” என்றார்.

இருதயராஜுக்கு வியர்த்தது. பழுப்பு உறைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. இந்த வேலையும் போனால் பதினெட்டும் இல்லை.

“எங்கம்மா நாளையிலேந்து தொட்டிக்கு வராதுங்க மொதலாளி.”

“வராட்டி போவட்டும். வேற ஆளு போட்டுக்கறேன். அதுக்கின்னா?”

“அம்மா கூலியையும் சேத்து எனக்கு...” குரல் நின்றுவிட்டது. ஏழு வருஷமாக விலையை வாயால் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அதனால் கையை நீட்டினான். முதலாளி அந்தக் கையை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுத் தன் கையைக் கொடுத்தார். இருதயராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டான்.

அடியில் இரண்டு விரலைப் பிடித்தான். பிறகு முழுக் கையையும் பிடித்தான். இருபத்தைந்து. முதலாளியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அவர் பத்தொன்பது என்றார். அவன் இருபத்தைந்து என்றான். இருபது என்றார். இருபத்தைந்து. இருபத்திரண்டு. இருபத்தைந்து. இருபத்துமூன்று. அவனுக்குப் பல் கிட்டிப்போய்விட்டது, மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. சுற்றி நின்றவர்கள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் முதலாளி தன் கட்டை விரலை மட்டும் மடக்கிக்கொண்டு மற்ற நாலையும் கொடுத்தார். இருபத்துநாலு.

“டேய், அது முதலாளி ஒண்ணுடா” என்றார் மெதுவாக. “அத்தையும் எடுத்துக்குவியா?”

இருதயராஜ் துண்டுக்கு அடியில், மடங்கியிருந்த கட்டை விரலைத் தேடி, மெல்ல நிமிர்த்தி, மற்ற நாலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் துண்டை எடுக்கட்டும் என்று நின்றான்.